துரும்புக்குப் பதில் முத்திரைத்தாள்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் ஒரு மஞ்சப்பை இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார் நகல், மகளிர் குழு பாஸ்புக், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில்தான். வாழாவெட்டி என்று ஊர் பட்டம் கட்டிவிட்ட பெண்களின் பையில் கூடுதலாக ஒரு தாள் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. அசல் மாப்பிள்ளை வீட்டில் இருக்கும், நகல் எடுத்துத் தருகிறோம் என்று சொன்னவர்கள் மறந்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டவளுக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்பது கோர்ட் சம்மன் வருகிற அன்றுதான் தெரியவரும்.

இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் ‘அத்துவிட்ட பத்திரம்’. அறுத்துவிட்ட என்பது பேச்சில் தேய்ந்து அத்துவிட்ட என்று ஆகியிருக்கிறது. கொஞ்சம் படித்தவர்கள் ‘பிரிவு ஒப்பந்தம்’ என்பார்கள், பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் ‘பேசி முடிச்ச பேப்பர்’ என்பார்கள்.

எழுதியவர் பெரும்பாலும் வக்கீலாக இருக்க மாட்டார். கிரயப் பத்திரம் எழுதிப் பழகிய கை எழுதியிருக்கும், இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடைப் பையன் கம்ப்யூட்டரில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றியிருப்பான். அதனால் மனை விற்ற வாடை அதில் போகாது. ‘இன்று முதல் ஒருவர் மேல் ஒருவருக்கு எவ்விதப் பாத்தியமும் சம்மந்தமும் பின்தொடர்ச்சியும் கிடையாது’ என்று இருக்கும். ‘சீர்வரிசை, நகை யாவும் பெற்றுக்கொண்டேன், ஜீவனாம்சம் கோர மாட்டேன், போலீஸில் கொடுத்த மனுவை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்’ என்று தொடரும். கடைசியில் தவறாமல் ஒரு வரி: ‘யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, சுய நினைவோடும் முழு சம்மதத்தோடும் எழுதிக்கொண்டது.’ இந்த வரியை எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறார்களோ அவ்வளவுக்கு நிர்ப்பந்தம் நடந்திருக்கும் என்பது என் சொந்தக் கணக்கு. அதற்குக் கீழே நாலு சாட்சி, ஒரு நோட்டரி முத்திரை.

இந்தத் தாளைக் கோர்ட்டில் எதிர்க்க முடியுமா? முடியும். ஆனால் ‘அது செல்லாத பேப்பர், தூக்கிப்போடு’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறார்களே, அவ்வளவு சுலபமில்லை.

துரும்பு கிள்ளிய காலம்

எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. தென்மாவட்டங்களில் சில சமூகத்தாரிடம், பத்துப்பேர் கூடியிருக்கையில் ஒரு துரும்பை எடுத்துக் கொடுத்துவிட்டால் கல்யாணம் தீர்ந்தது. துரும்பு கொடுத்தான் என்றால் விலக்கிவிட்டான், துரும்பு வாங்கினாள் என்றால் ஒப்புக்கொண்டாள். அப்படிப் பிரிந்தவள் மறுபடி தாலி கட்டிக்கொள்வதும் ‘அறுத்துக் கட்டுவது’ என்ற பெயரில் சாதாரணமாக நடந்தது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஊர் முழுக்கத் தெரிந்து நடந்த காரியம் அது.

1955-ல் இந்துத் திருமணச் சட்டம் வந்தபோது இந்த வழக்கங்களை அது ஒரேயடியாக ஒழித்துவிடவில்லை. 29-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், வழக்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட விவாகரத்து உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. முத்திரைத்தாளில் எழுதி முடிப்பவர்கள் எல்லோரும் நுழையப் பார்ப்பது அந்த ஜன்னல் வழியாகத்தான். ‘எங்க சாதியில இது வழக்கம் சார்.’

வழக்கம் என்றால் நிரூபி என்கிறது உச்ச நீதிமன்றம். 2002-ல் தீர்ப்பான யமனாஜி ஜாதவ் எதிர் நிர்மலா வழக்கில் இது தெளிவாகச் சொல்லப்பட்டது. வழக்கப்படி விவாகரத்து என்பது பொதுச் சட்டத்துக்கு விதிவிலக்கு, அதைச் சொல்கிறவர் மனுவிலேயே குறிப்பாகச் சொல்ல வேண்டும், பிறகு சாட்சியம் வைத்து நிலைநாட்ட வேண்டும். இரண்டு வருடம் கழித்து நம்மூர் வழக்கு ஒன்றே அங்கே போனது. சுப்பிரமணி எதிர் சந்திரலேகா. சொத்துப் பங்கு தொடர்பான வழக்கில், கல்யாணம் எப்போதோ பத்திரத்தில் தீர்ந்துவிட்டது என்று ஒரு தரப்பு வாதாடியது. அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதை நிலைநாட்டவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

‘ரிஜிஸ்டர் பண்ணிட்டா செல்லும்’ என்பது இன்னொரு நம்பிக்கை. அதே காலத்தில் தீர்ப்பான ரமேஷ்சந்திர டாகா வழக்கில் இருந்தது ‘சோர் சிட்டி’ என்று வடக்கே சொல்லும் விடுதலைச் சீட்டு. பதிவு செய்யப்பட்ட பத்திரம். அதை நம்பி அந்தப் பெண் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். பிறகு இரண்டாவது கணவரே, உன் முதல் கல்யாணம் சட்டப்படி முறியவில்லை, அதனால் நம் கல்யாணம் செல்லாது என்று கிளம்பினார். சீட்டால் முதல் கல்யாணம் முறியவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்றது.

இதில் ஒரு வேடிக்கை. கல்யாணம் கட்டுவதில் தமிழ்நாட்டைப் போல எளிய ஊர் கிடையாது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி ஐயரும் அக்கினியும் வேண்டாம், உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ கல்யாணம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உறுதி செய்தது. நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக் கட்டியதை அதே நாலு பேர் முன்னால் அவிழ்த்துவிடலாம் என்று ஜனங்கள் நினைப்பதில் ஒரு நியாயமான குழப்பம் இருக்கிறது. அவிழ்க்கக் கோர்ட் வேண்டும். தேவாலயம் செல்லாது என்று அறிவித்தாலும் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் முறியாது என்று மோலி ஜோசப் வழக்கில் 1996-ல் சொன்னார்கள். ஷரியத் கவுன்சில் என்பது தனியார் அமைப்பு, நீதிமன்றம் அல்ல என்று மதுரைக் கிளை 2024-ல் சொன்னது. தகராறு என்று வந்துவிட்டால் எந்த மதமானாலும் கடைசியில் படியேற வேண்டிய இடம் ஒன்றுதான். அத்துவிட்ட பத்திரத்தை மட்டும் நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் அது இருதார மணம். பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை.

ஒரு தாள், இரண்டு முகம்

உதாரணத்துக்கு ஒருத்தியை வைத்துக்கொள்வோம். நிஜத்தில் உள்ள யாரையும் குறிக்கவில்லை. வயது 27, நாலு வயதில் பெண் குழந்தை. தளவாய்புரத்தில் தாய் வீட்டில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள், பீஸ் கணக்கில் கூலி. புருஷனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. போட்டுவிட்டது 15 பவுன். ஒருநாள் பெரியவர்கள் கூடினார்கள். ‘எத்தனை நாளைக்குத் தாயி இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கது? கையெழுத்தைப் போடு, மத்ததை நாங்க பாத்துக்கிடுறோம்’ என்றார் அவளுக்குப் பெரியப்பா முறை ஆனவர். 2 லட்சம் ரூபாய் என்று பேச்சு. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். 50 ஆயிரம் கைக்கு வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்மன் வருகிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அல்ல, ஆண்டாள் ஊரில். புருஷன் விவாகரத்துக் கேட்டிருக்கிறான். காரணம், மனைவி தன்னைக் கைவிட்டுப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மனுவோடு இணைப்பு, நாலாக மடித்த அந்தத் தாளின் நகல்.

இங்கேதான் விஷயம் ருசிக்கிறது. கைவிட்டுப் போவது என்றால் என்ன என்று சட்டம் விளக்கம் வைத்திருக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல், மற்றவருடைய சம்மதம் இல்லாமல் அல்லது விருப்பத்துக்கு எதிராகப் பிரிந்து போனால்தான் அது கைவிடுதல். ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்’ என்று அவனே கையெழுத்துப் போட்ட தாளை அவனே தாக்கல் செய்திருக்கிறான். சம்மதித்துப் பிரிந்தவள் எப்படிக் கைவிட்டவள் ஆவாள்? அவன் கொண்டுவந்த ஆயுதமே அவன் காலில் விழுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வக்கீல் தேவையில்லை, தாளையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற பொறுமை போதும். ஆனால் பல எதிர்மனுக்களில் இந்த வரி இருப்பதில்லை. ‘மனுவில் கண்டவை யாவும் பொய்’ என்ற பழைய பல்லவிதான் இருக்கும்.

அதே தாளுக்கு மறுமுகம் ஒன்று உண்டு. அவள் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடுகிறாள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144. அதன் நாலாவது உட்பிரிவு, பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது. விவாகரத்து மனுவில் அவனைக் கவிழ்த்த ‘மனமொத்து’ என்ற அதே சொல் இங்கே அவளைக் கவிழ்க்கப் பார்க்கும்.

ஆகவே அவளுடைய வக்கீல் இரண்டு மனுவிலும் இரண்டு கதை சொல்ல முடியாது. ஒரு மனுவில் சம்மதித்தோம், இன்னொன்றில் மிரட்டினார்கள் என்றால் குறுக்கு விசாரணையில் இரண்டும் போகும். பிரதானமாக நிற்க வேண்டிய கதை ஒன்றுதான்: நான் சம்மதிக்கவில்லை, வெளியேற்றப்பட்டேன், இந்தத் தாள் அதன் பாகம். அதற்கு மேல்தான், ‘அவன் சொல்கிறபடியே வைத்துக்கொண்டாலும் இது கைவிடுதல் ஆகாது’ என்ற மாற்று வாதம். இந்த வரிசை முக்கியம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவி வேறு, சம்மதத்தோடு கோர்ட்டில் விவாகரத்துப் பெற்றவள் வேறு. பின்னவளுக்கு அந்த நாலாவது உட்பிரிவு தடையில்லை என்று வனமாலா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘மிரட்டி வாங்கிட்டாங்க’ போதாது

தாளில் இருக்கும் எல்லா வரிக்கும் ஒரே மருந்து கிடையாது. ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்ற வரி தானாகவே செத்தது. சட்டம் கொடுத்த அந்த உரிமையை ஒப்பந்தம் எழுதிக் கைவிட முடியாது, அது பொது நலக் கொள்கைக்கு விரோதம், ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவு. பல உயர் நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பிள்ளைக்குச் செலவு கேட்க மாட்டேன் என்பதும் அப்படியே. பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு ஏது அதிகாரம்? குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதைக்கூட அதன் நலனைப் பார்த்து நீதிபதிதான் முடிவு செய்வார், நாலு சாட்சி அல்ல. போலீஸ் வழக்கை முடித்துக்கொள்கிறேன் என்ற வரிக்கும் தனி மதிப்பில்லை. கொடுமை வழக்கு முதல் தகவல் அறிக்கை ஆகிவிட்டால், ராசியாகிவிட்டோம் என்று மதுரைக் கிளைக்குப் போய் ரத்து வாங்கினால்தான் உண்டு.

ஆபத்தான வரி வேறு. ‘15 பவுன் நகையும் பெற்றுக்கொண்டேன். 2 லட்சம் ரொக்கம் பெற்றுக்கொண்டேன்.’ இவை ஒப்பந்தம்கூட அல்ல, ஒப்புதல். நகை அவளுடைய சீதனம், அவள் மட்டுமே உரிமைக்காரி என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே தீர்ந்த விஷயம்தான். ஆனால் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டபின் வாங்கவில்லை என்று காட்டுகிற சுமை அவள் தலையில் விழுகிறது. மிரட்டலாலோ ஏமாற்றாலோ வாங்கிய கையெழுத்து, அதைப் போட்டவர் எதிர்த்தால்தான் விழும். எதிர்க்காதவரை நிற்கும். பத்திரத்தை ரத்து செய்யத் தனியாக வழக்குப் போடுவதானால், விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. சம்மன் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்தக் கெடு ஓடிப்போய்விடக் கூடும்.

எப்படி எதிர்ப்பது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆறாவது கட்டளை, நாலாவது விதி என்று ஒன்று இருக்கிறது. மோசடி, நிர்ப்பந்தம், மிதமிஞ்சிய செல்வாக்கு என்று குற்றம் சாட்டினால் விவரத்தைத் தேதியோடு மனுவில் சொல்ல வேண்டும். ‘மிரட்டி வாங்கிட்டாங்க’ என்று சொன்னால் போதாது. எந்தக் கிழமை, எந்த வீட்டுத் திண்ணை, யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் என்ன சொன்னார், குழந்தை அப்போது யார் கையில் இருந்தது. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, போட்டால்தான் தருவோம் என்றிருந்தால் அந்த ஒரு வரி பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். தாளைப் படித்துக் காட்டினார்களா? மாலை ஆறு மணிக்கு எழுதிய தாளில் நோட்டரி முத்திரை எந்தத் தேதி, அவர் முன்னால் அவள் போனாளா? முத்திரைத்தாள் யார் பெயரில் வாங்கியது, எந்தத் தேதியில்? பேச்சு நடப்பதற்கு முன்னாலேயே தாள் வாங்கி வைத்திருந்தால் அந்தத் தாளே சாட்சி சொல்லும், பின்பக்கம் விற்பனையாளர் போட்ட தேதி இருக்கும்.

பிறகு பணம். 2 லட்சம் என்று தாள் சொல்கிறது, அவள் கைக்கு வந்தது 50 ஆயிரம். மில் சம்பளக்காரன் 2 லட்சத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுத்தான்? அவள் கணக்கில் எப்போது விழுந்தது? ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் அத்தனையையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பிரமாணத்தையும் அத்துவிட்ட பத்திரத்தையும் ஒட்டிப் பார்த்தால் பல முடிச்சு அவிழும். அன்று இரவு அவள் அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி, மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து வாங்கிய ரசீது, இரண்டும் சிறு துண்டுகள்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு ஒருவர் நடந்துகொண்ட விதம்தான் சம்மதம் இருந்ததா என்பதைக் காட்டும். வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தவர் பேச்சை நீதிபதி சந்தேகமாகத்தான் பார்ப்பார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

பெண் பக்கமே பேசுகிறேன் என்று சில ஆண்கள் முகம் சுளிக்கலாம். அவர்களிலும் மோசம் போனவர்கள் உண்டு. கடன் வாங்கி, மாமியார் வீட்டாரிடம் மொத்தமாக 5 லட்சம் எண்ணிக் கொடுத்து, முடிந்தது என்று தூங்கப் போனவனுக்கு ஒரு வருடத்தில் ஜீவனாம்ச நோட்டீஸ் வரும். அவனும் இந்தத் தாளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவான். கொடுத்த பணம் வங்கி வழியாகப் போயிருந்தால், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நிர்ணயிக்கும்போது நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கும். கையில் எண்ணிக் கொடுத்திருந்தால் சாட்சிக்காரர்களைத் தேடி அலைய வேண்டியதுதான். அன்றைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்த பெரியவர்கள் வாய்தா அன்று மட்டும் கேரளாவுக்குச் சரக்கு ஏற்றப் போயிருப்பார்கள்.

இந்தத் தாளை நம்பி வாழ்க்கையைத் தொடங்கியவர்களை நீதிமன்றம் இப்போது கொஞ்சம் கனிவாகப் பார்க்கிறது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா தீர்ப்பளித்த தெலங்கானா வழக்கு. ஒரு பெண்ணும் அவருடைய முதல் கணவரும் 2005-ல் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதிப் பிரிந்தார்கள், கோர்ட் விவாகரத்து இல்லை. அந்தப் பெண் பிறகு இன்னொருவரை மணந்தார். அவரும் எல்லாம் தெரிந்தே மணந்தார். பிரிந்தபின், சட்டப்படி நீ என் மனைவியே இல்லை என்றார். ஒப்பந்தம் விவாகரத்து ஆகாது என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் தெரிந்தே மணந்தவர் அந்த ஓட்டையைக் காட்டி ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று, குடும்ப நீதிமன்றம் போட்டிருந்த மாதம் 3,500 ரூபாயைத் திரும்பக் கொடுத்தார்கள்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. கனடாவில் 2009-ல் தீர்ப்பான ரிக் எதிர் பிராண்ட்செமா வழக்கு, பால் பண்ணை நடத்திய தம்பதி பிரிந்த கதை. கணவர் சொத்து மதிப்பை மறைத்தார், மனைவி மனநிலை சரியில்லாத நேரத்தில் கையெழுத்திட்டார். கனடா உச்ச நீதிமன்றம் அவருக்கு 6,49,680 டாலர் கிடைக்கச் செய்தது. நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் ஒன்டாரியோ மாகாணச் சட்டத்திலும், சொத்தை மறைத்தாலோ, கையெழுத்திட்டவருக்கு ஒப்பந்தத்தின் தன்மை புரியாவிட்டாலோ அதைத் தள்ளிவைக்க இடம் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் அங்கே ஒழுங்காக எழுதிய பிரிவு ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் ஒரு நாற்காலி உண்டு. இங்கே கோர்ட்டுக்கு வெளியே எழுதிய தாளுக்கு நிற்கத்தான் இடம்.

உண்மையிலேயே இரண்டு பேருக்கும் பிரிய விருப்பம் என்றால், அதே நிபந்தனைகளை இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின் கீழ் கூட்டு மனுவாகப் போட்டுவிடலாம். ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகான ஆறு மாதக் காத்திருப்பை, பொருத்தமான வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு வருகிற நாள்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. திண்ணைப் பத்திரத்தில் இல்லாத வசதி அது. வக்கீல் வைக்கக் காசில்லை என்ற கவலை பெண்களுக்கு வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டம். கூப்பிட வேண்டிய எண் 15100.

மறுபடி நம் உதாரணப் பெண்ணிடம். அவள் முதலில் போட வேண்டியது எதிர்மனு அல்ல, அசல் தாளைத் தாக்கல் செய்யச் சொல்லி ஒரு மனு. நகலில் தெரியாதது அசலில் தெரியும்: எந்தப் பேனா, எந்தப் பக்கத்தில் கையெழுத்து இல்லை, எந்த வரி பிறகு இடுக்கில் சேர்த்தது, பின்பக்கத் தேதி. அசல் வந்து, சான்றாவணமாகக் குறிக்கும் முன் ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி கேட்பார், அப்போதே சொல்ல வேண்டும். பிறகு கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள்.

‘இது உங்க கையெழுத்துதானே?’

‘என் கையெழுத்துதான்.’

‘படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?’

‘பிள்ளையத் தாங்கன்னு கேட்டேன். மொதல்ல போடுன்னாங்க.’

அதற்கு மேல் அந்த வக்கீல் எந்தக் கேள்வியைக் கேட்கிறார், எதைக் கேட்காமல் உட்காருகிறார் என்று அவள் தரப்பு வக்கீல் குறித்துக்கொள்வார்.